சலசலப்பு என்று எழுதுவது

பீல் நகருக்கு இரண்டு பெயர்.
பியென் என்பது மற்றது.
நகரசபையில் ஒருவர் ஜெர்மனில் கேட்பார்,
மற்றவர் பிரெஞ்சில் பதில் சொல்வார்.
நான் மூலையில் இருந்து
இரண்டையும் காதில் மாட்டிக்கொண்டு
குறிப்பெடுப்பேன்.
சொன்னதைச் சொன்னபடி.
சம்பளம் அதற்குத்தான்.

வியாழக்கிழமை எடுத்த விஷயம்
ஏரிக்கரைப் பஸ் தரிப்பிடத்து மலசலகூடம்.
மூடுவதா, விட்டுவைப்பதா.
வருடத்துக்கு நாற்பத்தோராயிரம் பிராங்க்.

ரூஃபர் எழுந்தார். கோட்டுப் பொத்தானைப் போட்டார்.
"இன்று ஒரு கதவைத் திற என்பார்கள்,
நாளை ஒரு கட்டடத்தைத் திற என்பார்கள்,
நாளை மறுநாள்
உங்கள் பணப்பையையே திற என்பார்கள்!"
மூன்று. எப்போதும் மூன்றுதான்.
நம்மவர் இதை அடுக்குமொழி என்போம்.
ஒலிவாங்கி கண்ட இடமெல்லாம் முளைக்கும் செடி,
இந்தக் குளிரிலும் பட்டுப்போகவில்லை.
பேச்சை நிறுத்தி அவர் தண்ணீர் குடித்த நான்கு விநாடி
கைதட்டலுக்கென்று ஒதுக்கி வைத்தது.
அது இரண்டாம் விநாடியிலேயே வந்துவிட்டது.

ஷொஃபா அம்மையார் விடுவாரா?
அவசரத்துக்கு ஒருவர் எங்கே ஒதுங்குகிறார்
என்பதில் இருக்கிறது குடியரசின் மானம் என்றார்.
பிரெஞ்சில் அது இன்னும் வடிவாக இருந்தது.
குரலைத் தாழ்த்தித் தாழ்த்திக் கொண்டுபோய்
கடைசிச் சொல்லில் மேசையில் ஓங்கித் தட்டினார்.

தட்டலை எப்படி எழுதுவது?
விதிப்படி என்னிடம் இருப்பவை இவ்வளவுதான்:
(சிரிப்பு)
(கைதட்டல்)
(சலசலப்பு)
சலசலப்பு என்று போட்டேன்.
ஒரு மேசைக்கு அது கொஞ்சம் அதிகம்.

நடுவில் தலைவர் ஒரு கடிதம் வாசித்தார்.
ஆறாம் இலக்க பஸ் ஓட்டுகிற
டிரிட்டா கிராஸ்னிச்சி எழுதியது.
கடைசித் தரிப்பில் எனக்கு ஏழு நிமிடம்.
அடுத்த மலசலகூடத்துக்குப் பதினொரு நிமிட நடை.
மத்தியானத்துக்குப் பிறகு நான் தண்ணீர் குடிப்பதில்லை.
அவ்வளவும் முப்பத்தெட்டு விநாடி.
பின்னால் ஒரு கதிரை இழுபடும் சத்தம்,
யாரோ பேனாவை மூடினார்கள்,
பிறகு ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லைக்கு
என்னிடம் அடைப்புக்குறி இல்லை.

இடைவேளையில் கோப்பிக்கு நிற்கும்போது
நிருபர் ஷ்டெம்ப்ஃலி கேட்டார்:
உள்ளே நல்ல சூடு, இல்லையா?
ஓம் என்று தலையாட்டினேன்.
வெப்பமூட்டியைச் சொன்னேன்.

வெள்ளி காலை இரண்டு பேப்பரும் வாங்கினேன்.
ஜெர்மன் பேப்பரில்
ரூஃபர் எச்சரித்தார், ஷொஃபா கொதித்தார்.
பிரெஞ்சுப் பேப்பரில்
ஷொஃபா நினைவூட்டினார், ரூஃபர் சீறினார்.
சொன்னார் என்று ஒருவரும் எழுதவில்லை.
சொன்னார் பாவம், உப்பில்லாத சொல்,
அதை வைத்து யார் பேப்பர் விற்பது.
தலைப்பு மட்டும் இரண்டிலும் ஒன்று: சபையில் புயல்.
யன்னல்கூடத் திறந்திருக்கவில்லை.
படத்தில் ரூஃபரின் விரல், அம்மையாரின் வாய்.
அவர் வாயை மூடியிருந்த நேரம்தான் கூட,
நான் அங்கேதான் இருந்தேன்.

கடிதத்தைத் தேடினேன்.
ஜெர்மனில் இல்லை.
பிரெஞ்சில், கடைசிப் பத்தியில், விளம்பரத்துக்கு மேலே:
பயணி ஒருவரின் கடிதமும் வாசிக்கப்பட்டது.

பயணி.

மூடுவதற்கு முப்பது, எதிர்த்து இருபத்தேழு.
அதை மாத்திரம் இருவரும்
ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள்.

திங்கள் குறிப்பைத் திருத்தும்போது
சலசலப்பை அழித்தேன்.
கடிதம் முடிகிற இடத்தில்
ஒரு வரி வெறுமையாக விட்டேன்.
துணிச்சலா, சோம்பலா, தெரியாது.
செயலாளர் மாலையில் திருப்பி அனுப்பினார்.
கவனமான மனிதர். கமா ஒன்று சேர்த்திருந்தார்.
கீழ் வரியை மேலே இழுத்து
அந்த இடைவெளியை மூடியிருந்தார்.
ஓரத்தில் பென்சிலால்:
தட்டச்சுப் பிழை.