ஆட்சேபம் இல்லை எனக் கொள்ளப்படும்

டெல்லியிலிருந்து வந்த உறையை
அய்யா பிரிக்கவில்லை.
"ஜெசிந்தா, நீயே படிச்சுச் சொல்லு.
கண்ணுல சொட்டு மருந்து விட்டிருக்கேன்."

முருகன்குறிச்சி மாடி. கீழே பேருந்துகளின் ஹாரன்.
நாற்பத்தொரு பக்கம்.
நட்பு நாடொன்றுக்குப் பதினெட்டுத் தாக்குதல் ஹெலிகாப்டர்கள்.
நாட்டின் பெயர் வரவேண்டிய இடத்தில் கறுப்புப் பட்டை.
விலை இருக்கிறது, தவணை இருக்கிறது,
உதிரிபாகங்களுக்குப் பத்து வருடப் பொறுப்பு இருக்கிறது.
கடைசிப் பக்கத்தில்
நிலைக்குழு உறுப்பினர் கருத்தெழுத மூன்று வரி.
அதற்கும் கீழே, பொடி எழுத்தில்:
பதினைந்து நாளில் பதில் வராவிட்டால்
ஆட்சேபம் இல்லை எனக் கொள்ளப்படும்.

எனக்குப் பழகிய வாக்கியம்.
பட்டா மாறுதலில், பக்கத்து மனைக்காரர் நோட்டீசில்
நானே எத்தனை முறை தட்டச்சு செய்திருக்கிறேன்.
ஊரில் இல்லாதவனின் சம்மதத்தை
அவனைக் கேட்காமலே வாங்கித் தரும் வாக்கியம்.

பன்னிரண்டாம் நாள், திங்கட்கிழமை, மனு வாங்கும் நாள்.
பேட்டை தொழிற்பேட்டையிலிருந்து மைதீன் பிச்சை வந்தார்.
'ரகசியம்' என்று முத்திரை குத்திய காகிதம்
எனக்கு முன்னாலேயே பேட்டைக்குப் போயிருக்கிறது.
சட்டைப்பையிலிருந்து ஓர் உலோக வளையத்தை எடுத்து மேசையில் வைத்தார்.
அது உருண்டுபோய் ஸ்டாம்பு பேடில் முட்டி நின்றது.

"வால் பக்கம் மாட்டுத சாமான் யம்மா.
பாதி முடி அளவு தப்புனாலும்
பெங்களூர்க்காரன் திருப்பி அனுப்பிருவான்.
முப்பத்தாறு பயலுவ வேல பாக்கானுவ.
அய்யா கையெழுத்து சீக்கிரம் விழணும்."

நல்ல மனிதர். வெள்ளத்தன்று
இடுப்பளவு தண்ணீரில் ஆஸ்பத்திரிக்கு
ஜெனரேட்டர் தள்ளிக்கொண்டு போனவர்.

அவருக்கு அடுத்து தவமலர், அகதிகள் முகாமிலிருந்து.
அடையாள அட்டையில் பிறந்த வருடம் தப்பு.
வளையத்தை விரலில் மாட்டிப் பார்த்து
"வடிவாக் கிடக்கு, என்னது?" என்றாள்.
சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம்.
கழற்றி, எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

"எங்கட பக்கம் சத்தத்த வச்சே சொல்லுவம் அக்கா,
மேல வாறது எந்த நாட்டுச் சாமான் எண்டு.
பங்கருக்குள்ள சின்னப் பிள்ளையளும் சொல்லும்."

பிறகு,
"எழுபத்தொன்பது. எழுபத்தேழு இல்ல" என்றாள்.
குறித்துக்கொண்டேன்.

இரவு எட்டரைக்கு அய்யாவிடம் சொன்னேன்:
ராதாபுரம் பக்கம் குவாரிக்காரன் வெடிகுச்சி வாங்கினால்
எந்தக் குழியில் வைத்தான், எத்தனை மணிக்கு வெடித்தான்,
மிச்சம் எத்தனை என்று ஆள் போய் எண்ணுகிறது.
போன மாதம் ரெண்டு குச்சி குறைந்ததற்கு
நாம்தான் கலெக்டருக்கு எழுதினோம்.
"அதுக்கு?"
இந்த நாற்பத்தொரு பக்கத்தில்
குழி எங்கே என்று இல்லை.

கண்ணைத் துடைத்தார். மருந்துதான்.
"கொறடா என்னையக் கேப்பாரு.
பேட்டைக்குள்ள ஓட்டுக் கேட்டுப் போகணும்."
மின்விசிறி கொஞ்ச நேரம் சுற்றியது.
"வேண்டாம்னு எழுதாத. கேள்வியா எழுது."

எழுதினேன்.
இவை எந்த வானத்தில் பறக்கும்?
அங்கே போய் எண்ணுவது யார்?
மூன்றாம் வரியில் அவர் கையெழுத்து,
மருந்துக் கண்ணோடு போட்டது,
வரியை விட்டு இறங்கி
அந்தப் பொடி எழுத்தின்மேல் விழுந்தது.

பதினான்காம் நாள் ஸ்பீடு போஸ்ட். எழுபது ரூபாய்.

நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது:
உறுப்பினரின் வினாக்கள் பதிவு செய்யப்பட்டன.
தவமலரின் அட்டையும் வந்தது. எழுபத்தேழு.

அன்று மாலையே மைதீன் பிச்சை மூச்சிரைக்கப் படியேறினார்.
"யம்மா, அந்த வளையம் இங்கதான கெடக்கு?
ஒண்ணு குறையுதுன்னு பெங்களூர்ல போன் மேல போன்.
கணக்கு ஒத்து வராம அவன் விட மாட்டான்."

எடுத்துக் கொடுத்தேன்.
வாங்கிக்கொண்டதற்கு
ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன்.