சீ வரிசை

கல்முனை பஸ் நிலையத்தில்
இஸ்மத் காக்காவின் வடைக்குச் சுற்றுத்தாள்
இந்தக் கிழமை முழுக்க ஓர் இங்கிலிஷ் அகராதி.
எனக்கு வாய்ப்பதெல்லாம் சீ எழுத்துப் பக்கம்.

எண்ணெய் ஊறிய இடத்தில்
கயிறு, கொயராகிக் கிடந்தது.
சுருட்டு, செரூட்.
கட்டுமரத்துக்கு வால் முளைத்துக் கட்டமரான்.
கறிக்குப் பக்கத்தில் ‘தமிழிலிருந்து’ என்று
எறும்பளவு எழுத்து.
சிரிப்பு வந்தது:
சுங்கம் கட்டாமல் கப்பலேறிய சாமான்கள்.

மறுகா, கூலி.
இங்கே அது ஆள் வாங்குவது.
அங்கே அதுதான் ஆள்.
மூட்டையையும் முதுகையும்
ஒரே சொல்லாக ஏற்றியிருக்கிறார்கள்.

தாளைக் கசக்கவில்லை.
மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
அரிசி ஆலைக்குப் போனேன்.
மூன்று நாள் பாக்கி.
“கூலி வந்திருக்கு” என்றான் கிளாக்கர்,
உள்ளே பார்த்து.

இல்லை.
நல்லரெத்தினம் வந்திருக்கன்.
கூலி உங்கட லாச்சிக்குள்ள கிடக்கு.