ஆள் இருந்தா இறங்குங்க

இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை
வேலந்தாவளம் எடைமேடையில்
நான் பேசுவது ஒரே வாக்கியம்:
வண்டியில ஆள் இருந்தா இறங்குங்க.
எடை சரக்குக்குத்தான்.

கண்ணாடிக்கு வெளியே இருட்டு.
இருட்டுக்குள் தேங்காய், மாடு, தக்காளி, செங்கல்.
அதற்கும் அந்தப் பக்கம் கேரளம்.
இருபது இருபது கிலோவாகத்தான்
இந்த மிஷினுக்கு எண்ணத் தெரியும்.
அதற்குள் அடங்கிவிட்ட எதையும்
அது பார்த்ததில்லை.

போன பங்குனியில் ஒரு வைக்கோல் லாரி.
ஆறாயிரத்து எண்ணூற்று நாற்பது.
சீட்டு கிழித்துக் கொடுத்தேன்.
கொழிஞ்சாம்பாறையில் மறுபடி நிறுத்துப் பார்த்த
ஔசேப்பு சேட்டன்
மறுநாள் என் ஜன்னலில் நின்றார்:
எவிடெ என்டெ அறுபது கிலோ?

அறுபது கிலோ அந்நேரம்
எதிர்க் கடையில் பரோட்டா பிய்த்துக்கொண்டிருந்தது.
பெயர் வெள்ளியங்கிரி.
வைக்கோல் ஏற்றியவன்,
ஏற்றிய களைப்பில் அதன் மேலேயே தூங்கிப்போனவன்,
மேடை தாண்டி, டீ வாசத்துக்கு விழித்து
இறங்கிக்கொண்டவன்.

கிலோ ஒன்பது ரூபாய்.
ஐந்நூற்று நாற்பதுக்கு
ஒரு மனுஷனை வைக்கோலாக எழுதியிருக்கிறேன்
என் கையெழுத்தோடு.

வெள்ளியங்கிரி விரல் நக்கியபடி கணக்குப் போட்டான்:
இந்தப் பக்கம் மூட்டை தூக்குனா ஐந்நூறுங்க.
ரோட்டத் தாண்டித் தூக்குனா தொள்ளாயிரம்.
வைக்கோலாப் போனா ஐந்நூத்தி நாப்பது.
இங்கத்த மனுசனுக்கு வைக்கோலே தேவலையாட்ட இருக்குதுங்க.

சேட்டன் சிரிக்கவில்லை.
லாரிக்காரனிடம் பணத்தை எண்ணி வாங்கி
மூன்றாம் முறையும் எண்ணி
பையில் போட்டுக்கொண்டு
அவன் பரோட்டாவுக்குக் காசு கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று இரவெல்லாம் அதே நினைப்பு.
அதே தோள், அதே முதுகு.
பத்தடி தள்ளி நின்றால் நானூறு ரூபாய் ஏறுகிறது.
ஏறுவது அவனா, பார்க்கிற கண்ணா?
கண் என்றால்
எல்லோரும் தூங்கும் மூன்று மணிக்கு
அவன் எவ்வளவு?
இல்லை, யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் மாறாத ஒன்று
எங்கோ எழுதியிருக்கிறது என்றால்
எந்த அலுவலகத்தில், எந்த அலமாரியில்?
ஹாரன் அடித்தார்கள்.
போய்ச் சீட்டு கிழித்தேன்.

ரெஜினா வந்தது மழைக்காலத்தில்.
தக்காளி மண்டியில் தரம் பிரிப்பவள்.
ஒன்று, இரண்டு, கழிவு.
கையில் துணி சுற்றிய பிள்ளை.
கண்ணால பாத்தே எடை கம்மின்னு எழுதிட்டாங்கக்கா,
ஒரு தடவை வெச்சுப் பாத்துக்கட்டுமா?

அறுபது டன் தாங்கும் இரும்பின் நடுவே
ஒரு கட்டம் போட்ட துண்டு.
துண்டின் மேல் பிள்ளை.
அவள் தள்ளி நின்றாள்.

பூஜ்ஜியம்.

வெளியே வந்தேன், சொல்ல வாய் வரவில்லை.
அவள் என் முகத்தைப் படித்துவிட்டாள்.
மிஷினுக்குத்தானே தெரியல, என்றாள்.
குனிந்து எடுத்தாள்,
கழிவுக் கூடைக்குள் கிடந்த நல்ல பழத்தைக்
கண்டுகொண்ட கை மாதிரி.

பழுது பார்க்க வரும் கோயமுத்தூர்ப் பையன் நிஷாந்த்திடம்
இதைச் சொன்னேன்.
ஏழு கிலோவுக்கும் அடியில இரும்பு வளையும்க்கா.
காட்ட வேண்டாம்னு செட் பண்ணி வெச்சது நாமதான்,
என்று ஸ்குரூ டிரைவரைத் துடைத்தான்.

பாதி நம்புகிறேன்.
மீதிப் பாதியில் என் கட்டைவிரல் இருக்கிறது.
விடியும்போது மேடைமேல்
மழைத் தண்ணீர், சேறு, உதிர்ந்த வைக்கோல்,
சில நாள் ஒரு நாய்.
எல்லாம் இருக்க இருக்கவே
இதெல்லாம் ஒன்றுமில்லை என்று
பொத்தானை அழுத்திப்
பூஜ்ஜியம் ஆக்குவது நான்.

நேற்று மூன்றரைக்கு வண்டி இல்லை.
துடைப்பத்தோடு போய் மேடை நடுவில் நின்றேன்.
காலடியில் ஏதோ லேசாக இறங்கியது போலவும்
இறங்காதது போலவும்.
எண் அறைக்குள் எரிகிறது.
பார்க்க உள்ளே போனால்
மேடையில் நான் இருக்கமாட்டேன்.

பாலக்காட்டுப் பக்கமிருந்து ஒரு லாரி வந்து
விளக்கை அணைத்து அணைத்துப் போட்டது.
இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன்.
பிறகு இறங்கினேன்.