எத்தனை மணி வரை

பியர்சன் விமான நிலையம். தை மாதம், காலை ஆறே கால்.
கல்கரியில் பேக்கரிக்காரர் கண்காட்சி.
மாப் பிசைகிற மெசின் ஒன்றின் விலையைத் தவிர
வேறு யோசனை இல்லாமல்
ஜன்னலோரம் இருந்தேன்.

பனி கொட்டுகிறது.
நீண்ட இரும்புக் கையின் நுனியில் கண்ணாடிக் கூண்டு,
கூண்டுக்குள் ஒரு பெண்.
இறக்கையில் முதலில் செம்மஞ்சள் நீர்,
சுடச்சுட, ஆவி பறக்க.
பிறகு பச்சை, கூழ் பதத்தில்.
மாப்பிள்ளைக்குப் பாலறுகு வைக்கிறவர்களிடமும்
அந்தப் பொறுமையை நான் கண்டதில்லை.

ஓடுபாதைக்கு வரிசை. முன்னால் ஏழு விமானங்கள்.
விமானியின் குரல் வந்தது, அவசரமே இல்லாமல்:
பூசியதற்கு நேரம் கடந்துவிட்டதாம்,
திரும்பிப் போய்
மறுபடி பூசிக்கொண்டு வருவோமாம்.

பக்கத்து இருக்கைக்காரர்
கெட்ட வார்த்தை ஒன்றைக் கோப்பியோடு விழுங்கினார்.
எனக்கோ, யார் பிழை என்று தெரியவேண்டும்.
கேட்டேன்.
பணிப்பெண் விழித்தாள்:
"பிழையா? பனி பெய்கிறது, ஐயா."

அதே கூண்டு. அதே பெண்.
முன்பு பூசியதை ஒருவரும் குறை சொல்லவில்லை.
அவளும் முகம் சுளித்ததாய்த் தெரியவில்லை.
சரியாகச் செய்த வேலை
பழசாகிவிட்டது, அவ்வளவுதான்.

பயணச்சீட்டு இல்லாமல்
துவாரகன் விமானத்துக்குள் ஏறியது அப்போதுதான்.

போன கார்த்திகை, மார்க்கம் வீதிக் கடை,
இரண்டாம் போறணை.
மூன்று மணிக்குச் சூடு பார்த்து
'சரி' என்று கோடு போட்டான்.
ஐந்து மணிக்கு ஆயிரத்து இருநூறு பணிஸ்
கரியாய் வெளியே வந்தன.
"பார்த்தனான் அண்ணை" என்றான்.
"பார்த்த லட்சணம் இதுதானோ" என்றேன்,
எல்லோருக்கும் முன்னால்.
மிச்சத்தை இங்கே எழுதமுடியாது.

அவன் பொய் சொல்லவில்லை.
அந்தக் கோடு உண்மை,
மூன்று மணிக்கு.
ஐந்து மணிக்கும் அது உண்மை என்று
நினைத்துக்கொண்டது நான்.
இருபத்தொரு வருஷம் பாண் விற்கிறேன்,
நேற்றையப் பாண் இன்றைக்கு அரைவிலை என்று தெரியும்.
'சரி' என்ற சொல்லும் காய்ந்துபோகும் என்பதை
மாவையே தொட்டிராத ஒருத்தி
இறக்கையில் எழுதிக் காட்டவேண்டியிருந்தது.

மெசினைப் பார்த்தேன். வாங்கவில்லை.
திரும்பி வந்து
சுவர்த் தாளில் ஒரு கட்டம் கூட்டினேன்.
பார்த்தது யார், எப்போது,
அதற்குப் பக்கத்தில்: எத்தனை மணி வரை?

மாரிசெல் கேட்டாள்,
"நேரம் முடிந்தால் யாருக்கு ஏச்சு?"
"ஒருவருக்கும் இல்லை. திரும்பப் பார்க்கிறது."
அவள் நம்பவில்லை.
நானும் பாதிதான் நம்பினேன்.

துவாரகன் இப்போது ஏஜக்ஸில்,
வேறொருவரின் போறணைக்கு முன்னால்.
இரண்டு தரம் அழைத்தேன், எடுக்கவில்லை.
அதற்கும் நேரம் கடந்திருக்கும்.
திரும்பிப் போய் வரிசையில் நிற்கவேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை விடியப் போய்ப் பார்க்கிறேன்,
தாளின் அடியில் புதிதாய் ஒரு வரி,
இரவு வேலைக்காரர் யாரோ எழுதியது:

முதலாளியின் குணம் – சரி – ஆறரை வரை.

மணிக்கூட்டைப் பார்த்தேன்.
ஆறு இருபது.