சேம்புக்கு இரண்டு

ஊர்களை எனக்குத் தண்ணீரால்தான் தெரியும்.
முப்பத்துநான்கு வருஷம்
இரும்பு மூடியைத் தூக்கி, கரப்பானை ஊதி விரட்டி,
கண்ணாடிக்குள் ஓடும் எண்களை
எழுதிக்கொண்டு போனவன்.
எந்தத் தெருவில் விடியற்காலை நாலு மணிக்குக் குழாய் இருமும்,
எந்த வீட்டில் மருமகள் வந்த மாதம் கணக்கு ஏறும்,
எவன் என் தலையைக் கண்டதும் நாயை அவிழ்த்துவிடுவான்,
கேளுங்கள், சொல்கிறேன்.
எங்கே குடியிருக்கலாம் என்று மட்டும் கேட்காதீர்கள்.

ரோஸ் ஹில் வாடகை வீட்டை
விற்கப்போவதாகச் சொன்னான் உரிமையாளர் மகன்.
என் ஓய்வுத்தொகை வந்த அதே வாரம்.
வயதானவர்களுக்குப் பேருந்து இலவசம்.
ஞாயிறுதோறும் நானும் செல்வீனாவும்
தால் பூரிப் பொட்டலத்தோடு தீவைச் சுற்றினோம்,
பெண் பார்க்கப் போகிறவர்கள் மாதிரி
கொஞ்சம் நல்ல உடுப்பில்.

க்யூர்பிப்பில் தண்ணீருக்குக் குறைவில்லை,
குழாயில் வராதது சுவரில் வந்தது.
அலமாரியைத் திறந்தேன்:
யாரோ விட்டுப்போன கோட்டைப்
பூஞ்சை போட்டுக்கொண்டிருந்தது, பொத்தான் வரை.
"என் முழங்காலுக்கு இந்த ஊரை ஏற்கெனவே தெரியும்,"
என்று வெளியே வந்துவிட்டாள்.

மாயேபூரில் கடல்காற்றைக் காட்டினார்கள்.
குளிர்பதனப் பெட்டியின் கீலை அது தின்றிருந்ததைக்
காட்டவில்லை.
ஃப்ளிக் ஆன் ஃப்ளாக்கில் விலையை யூரோவில் சொன்னார்கள்,
ரூபாயில் நன்றி சொல்லிவிட்டு நடந்தோம்.

த்ரூ தோ தூஸ்.
பெயரிலேயே நல்ல தண்ணீர் வைத்திருக்கிற ஊர்.
இங்கேதான் என்று
பேருந்து நிற்கும் முன்பே முடிவுகட்டிவிட்டேன்.
"ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டா
பேரையா குடிப்பே?"
ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று
ஓட்டுநரிடம் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

பெர்த்திலிருந்து தயாளன்:
"விமான நிலையத்துக்குப் பக்கமா பாருங்கப்பா."
வருஷத்துக்குப் பத்து நாள் வருகிறவன்.

ஆறாவது ஞாயிறோ ஏழாவதோ கவனித்தேன்,
அவள் எந்த வீட்டையும் பார்க்கவில்லை.
தையல் ஆலையில் இருபத்தாறு வருஷம்
சட்டைக் கைகளை மட்டும் தைத்தவள்,
இயந்திர இரைச்சலில்
உதட்டைப் படித்தே வம்பு கேட்டவள்.
நான் மீட்டரைத் தேடிப் போகும்போது
அவள் வேலியோரம் போய் நின்றாள்,
அந்தப் பக்கம் ஒரு வாய் அசைகிறதா என்று.

சூயாக். ஆகஸ்ட்.
தெரு முழுக்கப் புல் காய்ந்து கிடக்க
இந்த வீட்டு மூலையில் மட்டும்
சேம்பு, குடை குடையாய்.
எனக்கு உடனே வயிற்றைப் பிசைந்தது.
எல்லாக் குழாயையும் மூடச் சொன்னேன்.
மூடியைத் தூக்கினேன்.
சின்னச் சிவப்புச் சக்கரம்
தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.
"பூமிக்குள் கசிவு," என்றேன்.
விற்கிறவர் வானத்தைப் பார்த்தார்.
வேண்டாம் என்று சொல்லத் திரும்பினால்
வேலிக்கு மேலே இரண்டு தலை.
மதாம் ஒர்தான்ஸ் வாரம் ஒருமுறை
அந்த இலையைப் பறித்துக்கொள்கிறாளாம்.
ஒரு கட்டு ஏற்கெனவே செல்வீனா கையில்.
புளி போடாவிட்டால் தொண்டை அரிக்கும் என்பதில்
இருவரும் உடன்பட்டிருந்தார்கள்.

கசிவைச் சொல்லி ஒன்றரை லட்சம் குறைத்தாள்.
நான் வாயே திறக்கவில்லை.

குடிபுகுந்த வாரம் தோண்டினேன்.
முழங்கை இணைப்பில் மயிரிழை விரிசல்.
புதிதாய் ஒன்றைப் பூட்டி, ஓடிப்போய்ப் பார்த்தேன்:
நின்றிருந்தது சக்கரம்.
கோபுர தரிசனம்கூட
எனக்கு இப்படி இருந்ததில்லை.

அக்டோபரில் சேம்பு மடங்கத் தொடங்கியது.
மதாம் எட்டிப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.
செல்வீனா என்னைப் பார்த்தாள்.
அவள் உதடு அசைந்தது, சத்தமில்லாமல்.
இத்தனை வருஷத்துக்குப் பிறகு எனக்கும் படிக்க வருகிறது.

திருகுசாவியை எடுத்துக்கொண்டு போனேன்.
கால் திருப்பு. அதற்கு மேல் இல்லை.

மாதக் கடைசியில் என் சுவரில்
என் கையாலேயே எழுதினேன்:
பதினான்கு கன மீட்டர்.
அதில், சேம்புக்கு இரண்டு.