நடுவட்டம்

கொய்வுகோஸ்கியில்
காகித ஆலை மூடிய ஒன்பதாம் நாள்
ஐஸ் ஹாக்கி சீசன் தொடங்கியது.

ஆலையின் பெயர்
என் பனித்தரைக்குள் இருந்தது.
நடுவட்டத்தில், ஆளுயர நீல எழுத்துகளில்
ஆகஸ்டில் நானே வரைந்து
மெல்ல மெல்லத் தண்ணீர் விட்டு
உறைய வைத்தது.

காசு தராதவன் பெயர் எதற்கு,
சுரண்டி எடு என்றார் பொருளாளர் ஹெய்மோ.
சுரண்ட வராது, உருக்க வேண்டும்.
உருக்கினால் மறுபடி உறைய
நான்கு நாள் மின்சாரம்.
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
இருக்கட்டும் என்றார்.

கோல்கீப்பரைத் தெற்கே ஒரு கிளப்புக்கு விற்றுத்தான்
செப்டம்பர் மின்கட்டணம் கட்டியிருந்தோம்.
பதிலுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பையன்.
முகக்கவசம் பெரிது,
உள்ளே பஞ்சு வைத்தோம்.

பயிற்சிக்கு விளக்குகளில் பாதிதான்.
வட்டு கண்ணுக்குத் தெரியவில்லை என்றான்
செக் நாட்டிலிருந்து வந்த பொஹுமில்.
சத்தத்தைக் கேட்டு ஆடு என்றார் பயிற்சியாளர்.
ஆடினான்,
சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும்
மாதம் ஒரு மூட்டை உருளைக்கிழங்குக்கும்.

லீக்கில் இரண்டு அணிகள்
கிறிஸ்துமஸுக்குள் இல்லாமல் போயின.
அட்டவணையில் அவற்றின் மேல் ஒரு கோடு.
ஆடாமலே எங்களுக்கு நான்கு புள்ளிகள்.
அதை யாரும் கொண்டாடவில்லை,
ஆனால் அதனால்தான் கீழ்ப்பிரிவுக்கு இறங்காமல் தப்பினோம்.

வேலை போனபின் ஊரில் எல்லாருக்கும்
நேரம் இருந்தது.
டிக்கெட்டுக்குத்தான் இல்லை.
முதல் இடைவேளையில் பின்கதவைப்
பூட்ட மறந்துவிடுவேன்.
ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மறந்தேன்.
ஹெய்மோ ஒருநாள் பார்த்துவிட்டார்.
தன் மறதியையும் அதோடு சேர்த்துக்கொண்டார்.

அப்படி வந்தவன்தான் ரெய்யோ,
மூன்றாம் நம்பர் இயந்திரத்தில் இருபத்தாறு வருடம் நின்றவன்,
ஆலை கொடுத்த ஜாக்கெட்டை
உள்பக்கம் வெளியே திருப்பிப் போட்டிருப்பான்.
கோல் விழுந்தால் கைதட்ட மாட்டான்.
நடுவர் நடுவட்டத்தில் வட்டைப் போட,
இரண்டு மட்டைகள் அந்தப் பெயரின் மேல்
அறைந்துகொள்ளும்போது மட்டும்
அடி, அடி என்று கத்துவான்.
நம் அணிக்காக என்றுதான்
பிப்ரவரி வரை நினைத்திருந்தேன்.

ஏப்ரலில் கம்ப்ரஸரை அணைத்தேன்.
மூன்றாம் நாள் எழுத்துகள்
ஓரத்திலிருந்து கலங்கின.
நீலத்தை வடிகாலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தபோது
பின்கதவில் ரெய்யோ.
இன்னொரு துடைப்பம் இருக்கிறதா என்றான்.

கூலி கிடையாது என்றேன்.

தெரியும் என்று சொல்லி
முதல் எழுத்திலிருந்து ஆரம்பித்தான்.