பதினேழாம் எண்

அல்சூர் ஏரிக்கு எதிரே
ஒரு பல் மருத்துவமனையின் மாடியில்
மூன்று பேர் உட்கார்ந்து
இருபத்திரண்டு எதிர்காலங்களுக்கு
மதிப்பெண் போட்டோம்.
அரை மதிப்பெண் கூடாது என்றார் துரைமாணிக்கம்.
பிறகு அவரே ஒன்றுக்கு ஆறரை போட்டார்.

ரெஜினா சில்க் போர்டில் மாட்டிக்கொண்டு
நாற்பது நிமிடம் தாமதம்.
பையை வைக்கும் முன்பே
"உலகம் அழிகிற கதைகளை
முதலில் கழித்துவிடலாமா?" என்றாள்.
பதினொன்று கழிந்தது.
கீழே யாருக்கோ பல் குடையும் சத்தம்
எங்கள் தீர்ப்புகள் எல்லாவற்றோடும் வந்தது.

பதினேழில் ஒருத்தி நிலவில் இருக்கிறாள்.
கிடங்குக் கணக்கு எழுதுகிற வேலை.
அக்கா இறந்த செய்தி வந்த இரவு
அனுமதியில்லாமல் ஒரு விளக்கேற்றுகிறாள்.
சுடர் நடுங்குகிறது.
உள்ளங்கையால் மறைக்கிறாள்.
அவ்வளவுதான்.
நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

துரைமாணிக்கம் வைக்கவில்லை.
"ஜன்னலே இல்லாத அறை.
வெளியே காற்றே கிடையாது.
சுடர் எதற்கு நடுங்குகிறது?
நம் ஊர்க் கார்த்திகை என்று நினைத்துவிட்டார்.
அறிவியல் கதையில்
அறிவியல் வேண்டாமா, அம்மா?"

அந்த 'அம்மா'வில் எனக்கு வாயடைத்தது.
கவிதை எழுதுகிறவள் என்று கூப்பிட்டிருந்தார்கள்.
வங்கியில் கடன் பிரிவு என்பதால்
கூட்டலும் என் தலையில்.
பென்சிலில் போட்ட எட்டு;
மேல் வளைவில் கொஞ்சம் அழித்தால் போதும்,
ஆறு.

ரெஜினா தன் ஐந்தாம் எண்ணுக்காக
ஒரு மணி நேரம் சண்டை போட்டாள்,
கரப்பான்கள் வரி வசூலிக்கும் நகரம் அது.
தோற்றாள்.
பரிசு ஒன்பதுக்கு.
யாருக்கும் அது முதலாவது இல்லை,
மூவருக்கும் இரண்டாவது.
'சமநிலை கொண்ட படைப்பு' என்று குறிப்பெழுதி
கையெழுத்திட்டு
மசால் தோசை தின்று கலைந்தோம்.

கப்பன் பார்க்கில் மெட்ரோ
மண்ணுக்குள் இறங்கியது.
ஜன்னல் திறக்காத பெட்டி.
எதிரே உட்கார்ந்திருந்த பையன் மடியில்
பூப்பொட்டலம்.
கட்டியிருந்த வாழைநாரின் நுனி
ஆடிக்கொண்டேயிருந்தது.
யாரும் ஊதவில்லை. அவன் தூங்கிக்கொண்டிருந்தான்.
அண்ணாந்து பார்த்தேன்.
கூரையில் காற்று வரும் சல்லடை.

அப்போதுதான் மூன்றாம் பக்கம் ஞாபகம் வந்தது:
'சுவருக்குள் ஓர் இரைச்சல்.
அது நின்றால்தான் எல்லோரும் விழித்துக்கொள்வோம்.'
நானேதான் அடிக்கோடிட்டிருந்தேன்,
நல்ல வரி என்று.
வரியாக மட்டும் படித்திருக்கிறேன்.

அங்கே ஒருத்தி மூச்சுவிட வேண்டுமென்றால்
காற்றை ஏதோ ஒன்று
இரவும் பகலும் தள்ளிக்கொண்டிருக்க வேண்டும்.
அவளைப் பிழைக்க வைத்த காற்றுதான்
சுடரையும் அசைத்தது.
எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது.
விளக்கிச் சொல்லாமல் விட்டிருக்கிறார்,
படிக்கிறவர்களை நம்பி.
அவர் பெயர் இன்னும் உறைக்குள்,
உறை செயலாளரின் அலமாரியில்.

துரைமாணிக்கத்துக்கு அடித்தேன்:
'சார், சுடர் சரிதான்.'
சுரங்கத்தில் செய்தி சுற்றிக்கொண்டே இருந்தது.
மாகடி ரோட்டில் வெளிச்சத்துக்கு ஏறியதும் போனது.
இரண்டு நீலக் கோடு.
பிறகு பதில்:
'எந்தச் சுடர்?'

முதலிலிருந்து விளக்கத் தொடங்கினேன்.
கிடங்கு, அக்கா, சுவர், இரைச்சல்...
கட்டைவிரல் வலிக்க வலிக்க அடித்து
நிமிர்ந்தபோது
அத்திகுப்பே என்றது அறிவிப்பு.
நான் விஜயநகரில் இறங்கியிருக்க வேண்டும்.